கராஜில் இடம் ஒன்றுதான்: சிவிக்கா, செவலா?

நண்பர் ஒருவர் போன மாதம் இரண்டு படங்களை அனுப்பினார். ஒன்று ஷோரூமில் நிற்கும் புது ஹோண்டா சிவிக். இன்னொன்று யாரோ ஒருவர் வீட்டு வாசலில் வெயிலில் மின்னிக்கொண்டிருந்த இரண்டு கதவு அமெரிக்கக் கார், 1970களின் தொடக்கத்தில் வந்த செவ்ரலே செவல். பானெட்டில் இரண்டு கறுப்புப் பட்டைகள். கீழே ஒரு வரி: “ரெண்டும் ஏறக்குறைய ஒரே விலைதான். எதை எடுக்கலாம்னு சொல்லுங்க.”

இருவரும் அமெரிக்காவில் இருக்கிறோம் என்பதால் இந்தக் கேள்விக்கு அர்த்தம் உண்டு. இங்கே ஒரு புது சிவிக்குக்குக் கொடுக்கும் பணத்தில், ஏலத்தில் பேர் போன பெரிய எஞ்சின் வண்டி கிடைக்காவிட்டாலும், ஓடும் நிலையில் உள்ள சாதாரண மஸில் கார் ஒன்றைத் தேடிப் பிடித்துவிடலாம். அவர் மனசு எதன் பக்கம் என்பது இரண்டாவது படத்தை மட்டும் நான்கு கோணத்தில் அனுப்பியதிலேயே தெரிந்துவிட்டது. எனக்கும் அந்தப் பைத்தியம் கொஞ்சம் உண்டு. அதனால் உடனே பதில் சொல்லாமல், உட்கார்ந்து யோசித்ததை எழுதிவிடலாம் என்று தோன்றியது.

மஸில் கார் என்றால் நடுத்தர அளவு உடம்பில் பெரிய காரின் எஞ்சினைத் தூக்கி வைத்தது. அவ்வளவுதான் சூத்திரம். இதற்கு முன்னும் சிலர் செய்திருந்தாலும், பேர் வாங்கியது 1964இல் வந்த பான்டியாக் ஜி.டி.ஓ. அப்போது பான்டியாக்கின் தாய்க் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸில் ஒரு விதி இருந்தது: நடுத்தர அளவு காரில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் கூடாது. பான்டியாக்கின் தலைமைப் பொறியாளராக இருந்த ஜான் டிலோரியனும் அவருடைய ஆட்களும் அந்த விதிக்குள்ளேயே ஒரு ஓட்டை கண்டுபிடித்தார்கள். 389 கன அங்குல, அதாவது 6.4 லிட்டர் வி8 எஞ்சினைத் தனி மாடலாகப் போடாமல், டெம்பெஸ்ட் காருக்கு வாடிக்கையாளர் விரும்பினால் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் அம்சமாகப் பட்டியலில் நுழைத்துவிட்டார்கள். 5,000 விற்றால் போதும் என்று நினைத்தது, முதல் ஆண்டே 32,450 போனது. அப்புறம் எல்லாக் கம்பெனியும் வரிசையில் வந்தன. செவ்ரலேக்கு செவலின் வேக வடிவமான செவல் எஸ்.எஸ்., டாட்ஜுக்கு சார்ஜர் என்று.

ஆட்டம் பத்து வருடம்கூட ஓடவில்லை. இளவட்டங்களுக்கு இன்சூரன்ஸ் கட்டணம் ஏறியது. 1970இல் காற்றுத் தூய்மைச் சட்டம் கடுமையானது. 1971 மாடல்களில் ஈயம் கலக்காத பெட்ரோலுக்கு ஏற்றபடி ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சின்களின் கம்ப்ரஷனைக் குறைத்தது. 1973 அக்டோபரில் எண்ணெய்த் தடை வந்ததும் கதை முடிந்தது.

அந்தக் காற்றுத் தூய்மைச் சட்டம்தான் சிவிக்குக்கு வாழ்வு கொடுத்தது. 1972இல் பிறந்த குட்டிக் கார் அது. 1975ஆம் ஆண்டுப் புகை வரம்பை எட்ட முடியாது என்று அமெரிக்கக் கம்பெனிகள் முனகிக்கொண்டிருந்தபோது, ஹோண்டா பெட்ரோலைச் சுத்தமாக எரிக்கும் தன்னுடைய சி.வி.சி.சி. எஞ்சினால், புகையை வடிகட்டும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இல்லாமலேயே அந்த வரம்பைத் தாண்டிக் காட்டியது. குட்டி எஞ்சினில் நடப்பது பெரியதில் நடக்காது என்று சொன்னவர்களுக்காக 1973 மாடல் செவ்ரலே இம்பாலா ஒன்றை வாங்கி, அதன் வி8 எஞ்சினில் சி.வி.சி.சி. தலைப்பகுதியைப் பொருத்தி, அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறையின் சோதனையிலும் தேற வைத்தது. ஆக, நண்பர் அனுப்பிய இரண்டு படங்களும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை என்று சொல்ல முடியாது. ஒன்று இறங்கிய படியில் இன்னொன்று ஏறியது.

சரி, எல்லோரும் முதலில் கேட்கிற வேகக் கணக்கை முதலிலேயே தீர்த்துவிடுவோம்.

1970 செவல் எஸ்.எஸ்.ஸின் உச்சம் எல்.எஸ்.6 எனப்பட்ட 454 கன அங்குல எஞ்சின். 7.4 லிட்டர், விளம்பரத்தில் 450 குதிரைத்திறன். கால் மைல் ஓட்டத்தை 13 விநாடிச் சொச்சத்தில் முடித்தது. சிவிக்கின் வேக வடிவமான 2023 சிவிக் டைப் ஆர் காரில் இருப்பது 2 லிட்டர், நான்கு சிலிண்டர், டர்போ, 315 குதிரைத்திறன். அதுவும் கால் மைலை 13 விநாடிச் சொச்சத்தில் முடிக்கிறது. 135 குதிரைகள் குறைவாக வைத்துக்கொண்டு எப்படி?

பாதி விடை எடையில். செவல் சுமார் 1,700 கிலோவுக்கு மேல்; டைப் ஆர் ஏறத்தாழ 1,450 கிலோ. மீதி விடை அந்த 450 என்ற எண்ணிலேயே இருக்கிறது. அந்தக் காலத்தில் எஞ்சினைத் தனியே மேடையில் மாட்டி, ஏர் ஃபில்டர், சைலன்சர், ஆல்டர்னேட்டர் எதுவும் இல்லாமல் ஓடவிட்டு அளப்பார்கள். கல்யாணப் பெண்ணை நகை போடாமல் எடை பார்ப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இங்கே நகைதான் பாதிப் பாரம். 1972 மாடலிலிருந்து எல்லாம் மாட்டிய நிலையில் அளக்கும் முறைக்கு மாறினார்கள். 1971இல் செவ்ரலே இரண்டு கணக்கையும் வெளியிட்டது: அந்த ஆண்டின் எல்.எஸ்.5 எஞ்சினுக்குப் பழைய முறையில் 365, புதிய முறையில் 285. எஞ்சின் ஒன்றுதான், காகிதத்தில் 80 குதிரை ஓடிப்போனது. ஆகவே, பழைய விளம்பர எண்ணையும் இன்றைய விளம்பர எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுபவர் சொல்வதைக் காதில் வாங்க வேண்டாம்.

இன்னொன்று. நண்பர் வாங்கப்போவது எல்.எஸ்.6 கிடையாது. அந்த விலைக்குக் கிடைப்பது பெரும்பாலும் 307 அல்லது 350 கன அங்குல எஞ்சின் வைத்த வண்டி. அது இன்றைய 200 குதிரைத்திறன் சிவிக் எஸ்.ஐ. காரிடம் சிக்னலிலேயே தோற்றுப்போகும். வேகத்துக்காக மஸில் கார் வாங்குகிறேன் என்று யாராவது சொன்னால், அவர் இன்னும் ஓட்டிப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

ஆனால் வேகம் வேறு, வேகமாகப் போகிற உணர்வு வேறு. வி8 எஞ்சினின் இழுவை அடியிலிருந்தே வரும். ஆக்ஸிலரேட்டரைத் தொட்டதும் வண்டியின் மூக்கு மேலே தூக்கும், சீட்டு முதுகைத் தள்ளும், சத்தம் தரை வழியாகக் காலுக்கு ஏறும். மணிக்கு 40 மைலில் ஏதோ பெரிய காரியம் செய்துகொண்டிருப்பதுபோல இருக்கும். சிவிக் போன்ற புது காம்பாக்ட், அதாவது சிறிய காரில் 80 மைலில் போனாலும் பின் சீட்டில் இருப்பவர் தூங்கிக்கொண்டிருப்பார். உங்களுக்கு எது வேண்டும் என்பது உங்கள் விருப்பம். போலீஸ் அபராதச் சீட்டின் கோணத்திலிருந்து பார்த்தால் பழையதே சிக்கனம் என்றுகூட வாதிடலாம்.

வளைவிலும் பிரேக்கிலும் போட்டியே இல்லை. அந்தக் கால மஸில் கார்கள் பலவற்றில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான் சாதாரணமாக வரும். முன்பக்க டிஸ்க் வேண்டுமென்றால் தனியாகக் காசு கொடுக்க வேண்டும். டிரம் பிரேக் ஒரு தடவை நன்றாகவே நிறுத்தும். மலை இறக்கத்தில் நாலைந்து தடவை தொடர்ந்து அழுத்தினால் சூடேறி, பெடல் இருக்கும், பிரேக் இருக்காது. ஸ்டீயரிங் நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒன்றும் நடக்காது, அதற்கப்புறம்தான் சக்கரம் பேச்சைக் கேட்கும். டைப் ஆர் 2023இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயப் பாதையில் 7 நிமிடம் 44.881 விநாடியில் சுற்றி, முன்சக்கர இழுவைக் கார்களில் சாதனை படைத்தது. அந்தப் பாதையில் பழைய செவலை விட்டால் சத்தம் மட்டும் நன்றாக இருக்கும்.

இனி தினசரி வாழ்க்கை. குளிர்ந்த காலையில் கார்ப்பரேட்டர் வண்டியைக் கிளப்பியவர்களுக்கு இது தெரியும். சாவியைத் திருப்புவதற்கு முன் ஆக்ஸிலரேட்டரை ஒருமுறை தரைவரை மிதித்து விட வேண்டும், சோக் மூடிக்கொள்ளும். இன்னும் ஒருமுறை பாதி மிதி. அப்புறம் சாவி. இரண்டு சுற்று இருமும், பிடிக்கும், நிமிடத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு சுற்றில் கத்தும், பச்சைப் பெட்ரோல் வாசம் கராஜை நிறைக்கும். கொஞ்சம் பொறுத்து ஆக்ஸிலரேட்டரை லேசாகத் தட்டினால் சத்தம் கீழே இறங்கி ஒரு தாளத்துக்கு வரும். அதற்குள் கிளம்பினால் தெருமுனையில் நின்றுவிடும். வெயில் காலத்தில் இதற்கு நேர்மாறு: சூடான எஞ்சினை நிறுத்திவிட்டுக் கடைக்குப் போய்ப் பத்து நிமிடத்தில் திரும்பினால், கார்ப்பரேட்டரில் பெட்ரோல் கொதித்து, எஞ்சின் மூச்சு முட்டி நிற்கும். ஞாயிற்றுக்கிழமை என்றால் இதெல்லாம் ரசனை. திங்கட்கிழமை எட்டரை மணிக்கு மீட்டிங் என்றால் ரசனை தெரியாது.

ஹைவே விஷயத்தையும் விளம்பரத்தில் யாரும் எழுதுவதில்லை. அந்தக் காலத்து கியர்பாக்ஸ்களில் ஓவர்டிரைவ், அதாவது வேகமாகப் போகும்போது எஞ்சினை மெதுவாகச் சுற்றவிடும் கியர் கிடையாது. பின் அச்சின் விகிதம், அதாவது சக்கரம் ஒருமுறை சுற்ற எஞ்சினிலிருந்து வரும் தண்டு எத்தனை முறை சுற்ற வேண்டும் என்ற கணக்கு, 3.73 என்று இருக்கும் வண்டியில் 70 மைல் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு 3,300 முறைக்கு மேல் சுற்றிக்கொண்டிருக்கும். இரண்டு மணி நேரப் பயணம் முடிந்து இறங்கிய பின்னும் காதுக்குள் வண்டி ஓடிக்கொண்டிருக்கும். வாங்கும் முன் பின் அச்சு விகிதம் என்ன என்று கேளுங்கள். எஞ்சின் அளவைவிட அந்த ஒரு எண்தான் வண்டி உங்களோடு ஒத்துப்போகுமா என்பதைச் சொல்லும்.

பாதுகாப்பு. இங்கேதான் நண்பரிடம் கொஞ்சம் குரலை உயர்த்தினேன். “அந்தக் காலத்து இரும்பு, டாங்க் மாதிரி இருக்கும்” என்றார். இந்த நம்பிக்கையை எத்தனையோ பேர் வாயில் கேட்டாகிவிட்டது. 2009இல் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான இன்சூரன்ஸ் நிறுவனம் தன்னுடைய 50ஆவது ஆண்டையொட்டி 1959 செவ்ரலே பெல் ஏர் ஒன்றையும் 2009 செவ்ரலே மாலிபு ஒன்றையும் மணிக்கு 40 மைல் வேகத்தில், முன்பக்கத்தின் ஒரு பாதி மோதும்படி, நேருக்கு நேர் விட்டது. வீடியோ இணையத்தில் இருக்கிறது. பெரிய இரும்புப் பெட்டியான பெல் ஏரில் ஓட்டுநர் இருந்த இடமே மடிந்துபோகிறது. ஓட்டுநர் சீட்டில் வைத்த சோதனைப் பொம்மையின் நெஞ்சுக்கு ஸ்டீயரிங் வருகிறது. பொம்மைக்குப் பதில் ஆள் இருந்திருந்தால் அங்கேயே போயிருப்பார். மாலிபுவில் முன்பக்கம் நொறுங்குகிறது, உள்ளே அறை அப்படியே நிற்கிறது. பொம்மைக்குப் பெரிதாக இருந்தால் காலில் அடி. காரின் முகம் நொறுங்குவதுதான் அதன் வேலை. நொறுங்காத முகம் அந்த அடியை அப்படியே உள்ளே உட்கார்ந்திருப்பவரிடம் கொடுத்துவிடுகிறது.

மஸில் கார்கள் 1959 வண்டியைவிடத் தேவலை. 1960களின் கடைசியில் விதிகள் வந்துவிட்டன: அடிபட்டால் மடங்கும் ஸ்டீயரிங் தண்டு, முன் சீட்டுகளுக்குத் தோள் பெல்ட், ஒரு பக்கக் குழாய் வெடித்தாலும் மறுபக்கம் பிடிக்கிற இரட்டைச் சுற்று பிரேக், 1969 முதல் தலைசாய்ப்பு. அதனால் வாங்குவதென்றால் 1967க்கு முந்தியதைத் தொடாதீர்கள், முடிந்தால் 1969க்குப் பிந்தியதைப் பாருங்கள் என்பது என் கட்சி. ஆனாலும் ஏர்பேக் இல்லை, ஏ.பி.எஸ். இல்லை, வழுக்கும்போது தானாகப் பிடித்துத் திருப்பும் மின்னணுக் கட்டுப்பாடு இல்லை. அந்தக் கட்டுப்பாடு அமெரிக்காவில் 2012 மாடல் முதல் எல்லாக் காரிலும் கட்டாயம். புது காம்பாக்ட்டில் முன்னால் போகிற வண்டி சட்டென நின்றால் தானே பிரேக் போடும் வசதிவரை வந்துவிட்டது. இதையெல்லாம் பழைய வண்டியில் பிற்பாடு சேர்க்க முடியாது. டிஸ்க் பிரேக் மாட்டலாம், நல்ல ரேடியல் டயர் போடலாம், மூன்று முனை பெல்ட் தைக்கலாம். நொறுங்கும் முகத்தைத் தைக்க முடியாது.

இந்த வாதத்தை நான் இரண்டு பக்கத்துக்குப் பேசினேன். நண்பரின் மனைவி ஒரே வரியில் முடித்துவிட்டார். படத்தைப் பார்த்துவிட்டு, “பாப்பா சீட்டை இதுல எங்கங்க மாட்டறது?” என்றார். பின் சீட்டில் மடியைச் சுற்றும் பெல்ட் மட்டும்தான். குழந்தை இருக்கையைக் கொக்கி போட்டு மாட்டும் கம்பிகள் அமெரிக்கக் கார்களில் கட்டாயமானது 2002இல். தவிர, இரண்டு கதவு வண்டி. முன் சீட்டை மடக்கி, குனிந்து, தூங்குகிற குழந்தையை உள்ளே நுழைத்துப் பாருங்கள். மஸில் யாருக்கு வேண்டும் என்பது புரியும்.

பணக் கணக்கில் பெட்ரோல் சின்ன விஷயம் என்றுதான் சொல்வேன், கேட்பதற்கு அதிர்ச்சியாக இருந்தாலும். சிவிக் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கிறது. பழைய வி8 நல்ல நாளில் 5. வருடத்துக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டினால் ஒன்றுக்கு சுமார் 670 லிட்டர், மற்றதற்கு 2,000 லிட்டர். தினமும் ஓட்டினால் இது வலிக்கும். வார இறுதியில் மட்டும் எடுத்து வருடத்துக்கு 1,500 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு, 300 லிட்டர், வலிக்காது. புகை கணக்கு தனி. 1960களின் கார்களோடு ஒப்பிட்டால் இன்றைய கார் வெளிவிடும் பெரும்பாலான நச்சுகள் 98, 99 சதவிகிதம் குறைவு என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை. பழைய வண்டியின் பின்னால் சிக்னலில் நின்றவர் யாருக்கும் இதற்கு ஆதாரம் தேவைப்படாது.

இன்சூரன்ஸில் ஒரு வேடிக்கை. பழைய வண்டிக்குச் சேகரிப்பாளர் பாலிசி எடுத்தால் கட்டணம் பெரும்பாலும் குறைவாகவே வரும். வண்டியின் மதிப்பை முன்கூட்டியே இருதரப்பும் பேசி எழுதிக்கொள்வார்கள். முழுச் சேதம் ஆனால் அந்தத் தொகை கிடைக்கும். ஆனால் நிபந்தனைகள் இருக்கும்: பூட்டிய கராஜில் நிற்க வேண்டும், தினமும் அலுவலகத்துக்கு எடுத்துப் போகக் கூடாது, வீட்டில் தினசரி ஓட்ட வேறு கார் இருக்க வேண்டும். நண்பரிடம் இருப்பது ஒரே கார். இந்த இடத்திலேயே கணக்கு உடைகிறது. சாதாரண பாலிசியில் போட்டால், 50 வயது வண்டிக்குத் தேய்மானம் கழித்து அவர்கள் கொடுக்கும் தொகையைப் பார்த்து அழக்கூடத் தோன்றாது.

மறுவிற்பனையில் பழையது ஜெயிக்கிறது என்பார்கள். பாதி உண்மை. புதுக் கார் ஷோரூமை விட்டு வெளியே வந்ததும் விலை இறங்க ஆரம்பிக்கும், பழையது அப்படி இறங்காது. ஆனால் மஸில் கார் விலைகள் 2000களின் நடுவில் எகிறி, 2008 நெருக்கடியில் சரிந்தவை. இளமையில் அந்த வண்டியைப் பார்த்து ஏங்கியவர்கள் வாங்கும்வரை விலை நிற்கும். அந்தத் தலைமுறைக்கு இப்போது எழுபது வயது. எனவே லாபம் என்ற சொல்லை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். நீங்கள் மாதாமாதம் அதில் போடும் உதிரிபாகக் காசை எழுதி வைத்தால், அந்தச் சொல் தானே காணாமல் போய்விடும்.

ரிப்பேர்தான் எனக்குப் பிடித்த பகுதி. இதில் பழையதற்கு நான் கொடி பிடிப்பேன். பானெட்டைத் திறந்தால் எஞ்சினைச் சுற்றி ஆள் இறங்கி நிற்கிற அளவு இடம். எல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்த்தே எஞ்சினின் உடம்பைச் சொல்லலாம்: காபிப் பொடி நிறம் என்றால் சுகம், கரி பிடித்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு. பிளக்குக்குப் பொறியை அனுப்பும் பாயிண்டின் இடைவெளியைத் தகட்டு அளவுகோலை வைத்துச் சரிசெய்ய அரை மணி நேரம் போதும். செவல், கமாரோ, மஸ்டங் போன்றவற்றுக்கு உதிரிபாகம் புதிதாகவே செய்து விற்கிறார்கள். சில மாடல்களுக்கு முழு உடம்புக் கூடே புதிதாகக் கிடைக்கிறது. ஐம்பது வருடம் கழித்தும் கண்ணாடி ரப்பர் முதல் கதவுக் கைப்பிடிவரை தபாலில் வருகிறது.

சிவிக்கில் பிரச்சினை வந்தால் முதலில் டேஷ்போர்டுக்குக் கீழே உள்ள சொருகியில் கருவியை மாட்டிக் கோளாறு எண்ணைப் படிக்க வேண்டும். 1996 முதல் எல்லாக் காரிலும் இருக்கிறது அது, நல்ல விஷயம்தான். எண் இன்ன சென்சார் என்று சொல்லும், சென்சாரை மாற்றுவார்கள், பெரும்பாலும் சரியாகும். கல் பட்டு முன்கண்ணாடி விரிசல் விட்டால் கண்ணாடியை மாற்றி, பின்னால் இருக்கும் கேமராவுக்கு மறுபடி அளவு சரிபார்க்க வேண்டும்; அதற்குத் தனிக் கட்டணம். இருபது வருடம் கழித்து அந்தத் தொடுதிரையும் கணிப்பொறிப் பெட்டியும் செத்தால் புதிது யார் செய்வார்கள்? இன்னும் ஐம்பது வருடம் கழித்தும் செவல் ஓடும் என்று நம்புகிறேன், இன்றைய சிவிக்கைப் பற்றி அந்த நம்பிக்கை இல்லை.

ஆனால் ஒன்று. பழையதை அடிக்கடி சரிசெய்யலாம் என்பதன் மறுபக்கம், அடிக்கடி சரிசெய்தே ஆக வேண்டும். சிவிக்குக்கு வருடத்தில் ஒன்றிரண்டு முறை ஆயில் மாற்றினால் போதும். பழையதற்கு ஆயில்கூட யோசித்து ஊற்ற வேண்டும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் காப்பதற்காக இன்றைய ஆயிலில் துத்தநாகச் சேர்மத்தைக் குறைத்துவிட்டார்கள். பழைய எஞ்சினில் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டுக்கு அது வேண்டும், இல்லாவிட்டால் தேய்ந்துவிடும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை ஊற வைத்துக் கெடுக்கும். பழைய வண்டி கேட்பது காசைவிட உங்கள் சனிக்கிழமைகளை. அதைக் கொடுக்க ஆசையும் கையும் உள்ளவருக்கு அது தண்டனையாகத் தெரியாது. கை இல்லாதவர் மெக்கானிக்கைத் தேட வேண்டும், கார்ப்பரேட்டர் தெரிந்த மெக்கானிக்குகள் ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

இத்தனையும் பேசிவிட்டு, போகாமல் இருக்க முடியுமா? அந்தப் படத்திலிருந்த வண்டியைப் பார்க்கப் போனோம். பெயின்ட் கண்ணாடிபோல இருந்தது. கூரையில் கறுப்பு வினைல் உறை. அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. வினைல் உறைக்கு அடியில் தண்ணீர் தேங்கி, வெளியே தெரியாமல் கூரையைத் தின்னும். பையிலிருந்து ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றை எடுத்து, பெயின்ட் கீறாமலிருக்க மெல்லிய துணியில் சுற்றி, கதவில் வைத்தேன். டப்பென்று ஒட்டியது. முன் ஃபெண்டரில் ஒட்டியது. பின் சக்கரத்துக்கு மேலே வளைவில் வைத்தேன், கையை எடுத்ததும் வழுக்கித் தரையில் விழுந்தது. இரண்டு அங்குலம் தள்ளி வைத்தேன், மறுபடி விழுந்தது. அவ்வளவு பெரிய இடத்தில் தகடே இல்லை, பட்டி பூசிப் பெயின்ட் அடித்திருந்தார்கள். டிக்கி விரிப்பைத் தூக்கினால் ஓரத்தில் கறுப்புப் பசை. விற்பவர், “நான் வாங்கும்போதே அப்படித்தாங்க” என்றார். பொய் சொல்கிற முகமாகவும் இல்லை. எங்கேயோ ஒரு பட்டறை செய்த வேலை, இரண்டு மூன்று கை மாறி வந்திருக்கிறது.

எஞ்சின் என்னவோ அருமையாக ஓடியது. இதுதான் பொறி. எஞ்சின் கெட்டால் கழற்றி வெளியே வைத்துச் செய்யலாம், செலவு முன்கூட்டியே தெரியும். துருவை வெட்டி ஒட்டும் வேலை எங்கே முடியும் என்று தொடங்கியவருக்கே தெரியாது. அதனால் ஓடாத வண்டியாக இருந்தாலும் பரவாயில்லை, தகடு நல்லதாக இருக்க வேண்டும். மழை குறைந்த, குளிர்காலத்தில் சாலையில் உப்பு போடாத பகுதியில் வாழ்ந்த வண்டி என்றால் இன்னும் நல்லது. அங்கே சீட்டுத் துணியும் டேஷ்போர்டும் வெயிலில் வெடித்திருக்கும், அது போகட்டும்.

பேட்ஜைப் பார்த்துக் காசு கொடுப்பதிலும் ஆபத்து உண்டு. சாதாரண செவலில் எஸ்.எஸ். பேட்ஜ் ஒட்டுவது கடினமான வேலை இல்லை. 1968வரை எஸ்.எஸ். 396 தனி மாடல் என்பதால் கம்பெனி வண்டியில் பொறித்த அடையாள எண்ணிலேயே தெரியும். 1969இலிருந்து அது கூடுதல் அம்சமாகிவிட்டதால் எண் எதையும் சொல்லாது. தயாரிப்புத் தாள் போன்ற காகிதம் இருந்தால்தான் உண்டு. ஜி.டி.ஓ.வில் இதற்குத் தலைகீழ்: 1964, 65இல் அது கூடுதல் அம்சம், 1966 முதல் 1971வரை எண்ணின் தொடக்கம் 242 என்று இருக்கும். 1970 செவல் எஸ்.எஸ். 396 பேட்ஜுக்குள் இருந்த எஞ்சின் உண்மையில் 402 கன அங்குலம் என்பது இன்னொரு வேடிக்கை. அந்தக் காலக் கம்பெனியே பேட்ஜை அவ்வளவாக மதிக்கவில்லை.

ஆக, ஒரே கார்தான் வைத்துக்கொள்ளப்போகிறீர்கள் என்றால் காம்பாக்ட். இதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஓட்டும் சுகமும் வேண்டும் என்றால் சிவிக் எஸ்.ஐ., ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜி.டி.ஐ. மாதிரி கொஞ்சம் காரம் சேர்த்த காம்பாக்ட்டுகள் இருக்கின்றன. 1.6 லிட்டர் மூன்று சிலிண்டரிலிருந்து 300 குதிரைத்திறனைப் பிழிந்து எடுக்கும் டொயோட்டா ஜி.ஆர். கொரோலாவும் இருக்கிறது. பெரிய எஞ்சினைச் சின்ன உடம்பில் திணித்த அந்தப் பழைய குறும்பு இப்போது இந்தப் பக்கம் வந்துவிட்டது என்றுகூடச் சொல்வேன். இரண்டாவது காருக்கு இடமும், சனிக்கிழமையும், கையும் இருந்தால் மட்டும் மஸில் கார். அதிலும் முதல் வண்டியாகப் பெரிய எஞ்சின் தேடாமல், முன்பக்க டிஸ்க் பிரேக் உள்ள, 350 மாதிரிச் சாதாரண எஞ்சின் போட்ட, இப்போதே ஓடுகிற வண்டி. “கொஞ்சம் வேலை பாக்கி” என்று விளம்பரத்தில் இருந்தால், யாருடைய வேலை என்று கேளுங்கள்.

நண்பர் சிவிக்கை எடுத்துவிட்டார். டர்போகூட இல்லாத சாதாரண 2 லிட்டர், சாம்பல் நிறம். பாப்பா சீட்டு இரண்டு நிமிடத்தில் மாட்டியாகிவிட்டது. ஆனால் போன வாரம் மறுபடி ஒரு படம் வந்தது. 1970ஆம் ஆண்டு நான்கு கதவு மாலிபு, செவலின் அதே குடும்பம், 307 எஞ்சின், மங்கிய பச்சை. நான்கு கதவு என்பதால் யாரும் சீண்டுவதில்லை, விலையும் இரண்டு கதவு வண்டிக்குக் கேட்டதில் சிறு பங்குதான். வினைல் கூரை இல்லை. அதை முதலிலேயே பெரிதாக்கிப் பார்த்துவிட்டாராம். கராஜை டேப் வைத்து அளந்ததில் சிவிக் வெளியே நின்றால் மாலிபு உள்ளே போகும். சனிக்கிழமை பார்க்கப் போகிறோம். காந்தத்தை மறக்காமல் எடுத்து வரச் சொல்லியிருக்கிறார்.